பார்னெட் களிப்பாறை

பார்னெட் களிப்பாறை என்பது ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வோர்த் கோட்டை வடிநிலத்தின் அடியில் பரந்து கிடக்கும் கரிமப்பொருள் செறிந்த கரிய படிவுப்பாறை ஆகும். ஏறத்தாழ 32 முதல் 35 கோடி ஆண்டுகளுக்கு முன், மிசிசிப்பியக் காலத்தில், கடலடியில் படிந்த சேறு இறுகி இப்பாறை உருவானது. களிப்பாறை பொதுவழக்கில் ஷேல் எனவும் அழைக்கப்படுகிறது. நீரழுத்த முறிப்பின் மூலம் களிப்பாறையிலிருந்து மிகப் பெரிய அளவில் இயற்கை எரிவளியை எடுக்க முடியும் என்பது முதன்முதலில் இங்குதான் மெய்ப்பிக்கப்பட்டது.

எண்ணெய், எரிவளி ஆகியவற்றைப் பற்றிய நிலவியலில் பாறைகள் மூன்று வகையாகப் பிரித்து நோக்கப்படுகின்றன. எரிவளியை உண்டாக்குவது மூலப்பாறை. அதனைத் தன் துளைகளில் சேர்த்து வைப்பது தேக்கப்பாறை. அது மேலே தப்பிச் செல்லாமல் தடுப்பது மூடுபாறை. வழக்கமான எரிவளி வயல்களில் இம்மூன்றும் வெவ்வேறு பாறைகளாக இருக்கும். பார்னெட்டில் இம்மூன்று பணிகளையும் ஒரே பாறை செய்கிறது. நீண்ட காலம் மூலப்பாறையாக மட்டுமே கருதப்பட்ட இது தேக்கப்பாறையாகவும் பயன்படுவதற்கு அதன் கனிம அமைப்பு, நுண்துளைகள், அதற்கு மேலும் கீழும் உள்ள பாறைகள் ஆகியவையே காரணம்.

பெயரும் அமைவிடமும்

டெக்சாஸின் நடுப்பகுதியில் உள்ள சான் சாபா கவுண்டியில் பார்னெட் என்னும் ஓடையின் அருகே இப்பாறை நிலத்தின் மேற்பரப்பில் வெளிப்பட்டுத் தெரிகிறது. அவ்வோடையின் பெயரே இதற்கு இடப்பட்டது. (கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டத்தை ஒத்த நிருவாகப் பிரிவு ஆகும்.) அங்கிருந்து வடக்கே செல்லச் செல்லப் பாறை ஆழத்தில் இறங்குகிறது. எரிவளி மிகுதியாகக் கிடைத்த வைஸ், டென்டன், டாரன்ட், ஜான்சன் கவுண்டிகளில் இது பெரும்பாலும் 2,000 முதல் 2,600 மீட்டர் ஆழத்தில் உள்ளது. வோர்த் கோட்டை நகரமும் அதன் புறநகர்களும் இப்பாறையின் மேலேயே அமைந்துள்ளன. இதனால் பல கிணறுகள் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அருகில் தோண்டப்பட்டன.

வடிநிலத்தின் வடகிழக்கில் மியூன்ஸ்டர் வளைவும், கிழக்கில் வாஷிட்டா மலைத்தொடரின் புதைந்த முகப்பும், மேற்கில் பெண்ட் வளைவும், தெற்கில் லானோ மேட்டுநிலமும் எல்லைகளாக உள்ளன. மியூன்ஸ்டர் வளைவை ஒட்டிய பகுதியில் பாறையின் தடிப்பு 300 மீட்டர் வரை உள்ளது. மேற்கு நோக்கிச் செல்லும்போது இது படிப்படியாகக் குறைந்து சில மீட்டர்களாகச் சுருங்குகிறது.

தோற்றம்

மிசிசிப்பியக் காலத்தில் பண்டைய கண்டங்கள் ஒன்றையொன்று நெருங்கின. இந்நெருக்கத்தால் வாஷிட்டா மலைத்தொடர் எழுந்தபோது அதன் முன்புறத்தில் நிலம் தாழ்ந்து கடல் நிறைந்த பள்ளம் உண்டானது. பள்ளத்தின் அடிநீரில் ஆக்சிசன் மிகக் குறைவாக இருந்தது. மேல்நீரில் வாழ்ந்த பாசிகளும் நுண்ணுயிர்களும் இறந்து கீழே விழுந்தபோது, அவற்றை உண்ணவோ சிதைக்கவோ போதிய உயிரிகள் அடியில் இல்லை. எனவே அவ்வெச்சங்கள் அழியாமல் நுண்ணிய சேற்றுடன் கலந்து புதைந்தன. சேறு படிந்த வேகமும் குறைவு. ஆகையால் கரிமப்பொருள் சேற்றினால் நீர்த்துப் போகாமல் செறிவாக நிலைத்தது. பாறையின் கரிய நிறத்துக்கும் இக்கரிமப்பொருளே காரணம்.

அடுக்கமைப்பு

வடகிழக்குப் பகுதியில் பார்னெட்டும் அதனைச் சூழ்ந்த பாறைகளும் மேலிருந்து கீழாகப் பின்வரும் வரிசையில் உள்ளன.

- மார்பிள் பால்ஸ் சுண்ணாம்புக்கல்: பார்னெட்டின் மேல் அமைந்த பாறை.
- மேல் பார்னெட்.
- பாரஸ்ட்பர்க் சுண்ணாம்புக்கல்: மேல், கீழ் பார்னெட்டுகளைப் பிரிப்பது. தெற்கிலும் மேற்கிலும் இது மறைந்துவிடுகிறது.
- கீழ் பார்னெட்: எரிவளியின் பெரும்பகுதி கிடைக்கும் அடுக்கு.
- வயோலா, சிம்ப்சன் சுண்ணாம்புக்கற்கள்: வடகிழக்கில் மட்டும் உள்ளவை.
- எலன்பர்கர் தொகுதி: ஆர்டோவீசியக் காலத்து டோலமைட்டும் சுண்ணாம்புக்கல்லும் கொண்டது. கரைந்து உண்டான குழிகளும் அவற்றில் உப்புநீரும் நிறைந்தது.

இவ்வரிசையில் வயோலா பாறையின் இருப்பு மிக முக்கியமானது. கடினமான இச்சுண்ணாம்புக்கல், பார்னெட்டில் செயற்கையாக உண்டாக்கப்படும் விரிசல்கள் கீழே எலன்பர்கருக்குள் நுழையாமல் தடுக்கிறது. வயோலா அரிக்கப்பட்டு மறைந்துபோன மேற்குப் பகுதிகளில் இத்தடுப்பு இல்லை. அங்கு விரிசல் கீழே இறங்கினால் எரிவளிக்குப் பதிலாக உப்புநீர் கிணற்றுக்குள் பாயும்.

கரிமப்பொருளும் முதிர்ச்சியும்

ஆழத்திலிருந்து எடுக்கப்பட்ட பார்னெட் பாறை மாதிரிகளில் கரிமக் கரியின் அளவு எடையில் சராசரியாக 4 முதல் 5 விழுக்காடு ஆகும். தெற்கில் மேற்பரப்பில் வெளிப்படும், வெப்பத்தால் முதிராத மாதிரிகளில் இது 10 விழுக்காட்டையும் தாண்டுகிறது. ஒரே பாறையில் இவ்வேறுபாடு காணப்படுவதற்கு முதன்மையான காரணம், ஆழத்தில் உள்ள கரிமப்பொருளின் ஒரு பகுதி ஏற்கெனவே எண்ணெயாகவும் எரிவளியாகவும் மாறிவிட்டமையே ஆகும்.

பாறையில் உள்ள திண்மக் கரிமப்பொருள் கெரோஜன் எனப்படுகிறது. பார்னெட்டில் இருப்பது கடல்வாழ் பாசிகளிலிருந்து வந்த இரண்டாம் வகைக் கெரோஜன். வெப்பம் உயரும்போது இது முதலில் எண்ணெயைத் தருகிறது. வெப்பம் மேலும் உயர்ந்தால் பாறையிலேயே தங்கிய எண்ணெய் உடைந்து எரிவளியாகிறது. முதிர்ச்சியை அளக்க விட்ரினைட்டு என்னும் கரிமத் துகளின் ஒளித்தெறிப்பு அளவு பயன்படுகிறது. இவ்வளவு 1.1 விழுக்காட்டிற்குக் கீழ் உள்ள பகுதிகளில் எண்ணெயும், அதற்கு மேல் எரிவளியும் மிகுந்து காணப்படும். 1.4 விழுக்காட்டிற்கு மேல் உலர் எரிவளியே கிடைக்கும்.

இம்முதிர்ச்சி ஆழத்தை மட்டும் பொறுத்து அமையவில்லை. வாஷிட்டா முகப்புக்கு அருகில் முதிர்ச்சி எதிர்பார்ப்பதைவிட மிகுதியாக உள்ளது. மலைத்தொடர் எழுந்தபோது வெந்நீர்மங்கள் எலன்பர்கர் பாறையின் வழியாகப் பாய்ந்து, மேலிருந்த பார்னெட்டைச் சூடாக்கின என்பது இதற்குத் தரப்படும் விளக்கமாகும்.

கனிமங்கள்

களிப்பாறை என்னும் பெயர் களிமண்ணைக் குறித்தாலும், கீழ் பார்னெட்டின் எரிவளி தரும் பகுதிகளில் களிமண் கனிமங்களைவிடக் குவார்ட்சு மிகுதியாக உள்ளது. குவார்ட்சு ஏறத்தாழ 45 விழுக்காடும், களிமண் கனிமங்கள் ஏறத்தாழ 27 விழுக்காடும் உள்ளன. எஞ்சியவை கால்சைட்டு, டோலமைட்டு, பெல்சுபார், பைரைட்டு, கரிமப்பொருள் முதலியன. குவார்ட்சின் பெரும்பகுதி ஆற்றுமணலாக வந்ததன்று. ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிரிகளின் கூடுகளும் கடற்பஞ்சுகளின் முட்களும் கரைந்து மீண்டும் படிந்ததால் உண்டானதாகும்.

இக்கனிம விகிதத்தின் பயன் எளிதில் விளங்கக்கூடியது. ஈரக் களிமண்ணை அழுத்தினால் அது நசுங்கும். ஓட்டுத்துண்டை அழுத்தினால் அது உடையும். களிமண் மிகுந்த பாறையில் நீரழுத்தத்தால் உண்டாக்கும் விரிசல்கள் எளிதில் மூடிக்கொள்கின்றன. குவார்ட்சு மிகுந்த பாறை நொறுங்கும் தன்மை உடையதாதலால் விரிசல்கள் பரவுகின்றன.

பார்னெட்டில் இயற்கையான விரிசல்களும் பல உள்ளன. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை கால்சைட்டால் அடைபட்டுள்ளன. திறந்த விரிசல்களே எரிவளியைத் தருகின்றன என முன்னர் நம்பப்பட்டது. பின்னர் ஆய்ந்தபோது, பிளவுப்பெயர்ச்சிகளுக்கு அருகிலுள்ள கிணறுகள் பெரும்பாலும் குறைவாகவே எரிவளி தந்தமை தெரியவந்தது. எனினும் கால்சைட்டு அடைத்த விரிசல்கள் பாறையின் வலுக்குறைந்த கோடுகளாக இருப்பதால் நீரழுத்தத்தின்போது மீண்டும் திறந்துகொண்டு, செயற்கை விரிசல் வலையாகப் பரவ உதவுகின்றன.

நுண்துளைகளும் ஊடுருவுதிறனும்

பாறையின் கன அளவில் துளைகளின் பங்கு நுண்துளைமை எனப்படும். துளைகளின் வழியே பாய்மம் செல்லும் எளிமை ஊடுருவுதிறன் எனப்படும். பார்னெட்டின் நுண்துளைமை ஏறத்தாழ 3 முதல் 6 விழுக்காடு. இது குறைவு எனினும் மிக அரிதன்று. இடர் ஊடுருவுதிறனிலேயே உள்ளது. நல்ல மணற்கல் தேக்கப்பாறையின் ஊடுருவுதிறன் 100 மில்லிடார்சி அளவில் இருக்கும். பார்னெட்டில் இது நானோடார்சி அளவில்தான் உள்ளது. 100 நானோடார்சி என்று கொண்டால், மணற்கல்லைவிடப் பத்து இலட்சம் மடங்கு குறைவு.

துளைகள் எங்கே உள்ளன என்பது நீண்ட காலம் தெளிவாகவில்லை. பாறையை வெட்டி மெருகேற்றும்போதே மேற்பரப்பு சிதைந்து, துளைகள் மறைந்துவிடுவதே இதற்குக் காரணம். அயனிக் கற்றையால் மேற்பரப்பைச் சீவி இலத்திரன் நுண்ணோக்கியால் பார்க்கும் முறையைக் கொண்டு, 2009 ஆம் ஆண்டு ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் லூக்ஸும் அவருடைய குழுவினரும் பார்னெட்டின் துளைகளை விளக்கினர். பெரும்பாலான துளைகள் கனிமத் துகள்களுக்கு இடையே அல்லாமல் கரிமப்பொருளின் உள்ளேயே இருந்தன. அவற்றின் விட்டம் பொதுவாக 100 நானோமீட்டர் அளவினது. கரிமப்பொருள் எரிவளியாக மாறியபோது விட்டுச்சென்ற வெற்றிடங்களே இவை. அதாவது எரிவளியை உண்டாக்கிய பொருளே அதற்கான கொள்கலனையும் உண்டாக்கியது.

எரிவளி இப்பாறையில் இரு நிலைகளில் உள்ளது. ஒரு பகுதி துளைகளில் கட்டற்ற நிலையில் அழுத்தத்துடன் உள்ளது. மற்றொரு பகுதி கரிமப்பொருளின் பரப்பில் ஒட்டிக்கொண்டுள்ளது. இது பரப்புக் கவர்ச்சி எனப்படுகிறது. கிணற்றில் முதலில் வருவது கட்டற்ற எரிவளி. அழுத்தம் போதிய அளவு குறைந்த பின்னரே ஒட்டியுள்ள எரிவளி விடுபடத் தொடங்கும். தொடக்கத்தில் கிணற்றின் வெளியீடு விரைவாகக் குறைந்து, பின்னர்ப் பல ஆண்டுகள் சிறிது சிறிதாகத் தொடர்வதற்கு மிகக் குறைந்த ஊடுருவுதிறனும் இவ்விரு நிலைகளும் காரணங்களாகும்.

எரிவளி எடுக்கப்பட்ட வரலாறு

ஜார்ஜ் மிட்செல் என்பவரின் மிட்செல் எனர்ஜி நிறுவனம் 1981 இல் வைஸ் கவுண்டியில் பார்னெட்டை நோக்கி முதல் கிணற்றைத் தோண்டியது. பின்னர்ப் பல ஆண்டுகள் பசைத்தன்மை உடைய கூழ்மத்தில் மணலைக் கலந்து உயரழுத்தத்தில் செலுத்தும் முறை பின்பற்றப்பட்டது. எரிவளி கிடைத்தது, ஆனால் செலவுக்கு ஈடாகவில்லை.

1997 இல் செலவைக் குறைக்கும் நோக்குடன், அந்நிறுவனத்தின் பொறியாளர் நிக் ஸ்டைன்ஸ்பெர்கர் கூழ்மத்தைக் கைவிட்டு, உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள் சிறிதளவு சேர்த்த நீரைச் செலுத்திப் பார்த்தார். 1998 அளவில் இம்முறையின் வெற்றி உறுதியானது. தடித்த கூழ்மம் சில அகன்ற விரிசல்களை உண்டாக்கி, அவற்றில் எச்சமாகத் தங்கி வழியையும் அடைத்தது. மெல்லிய நீரோ சிறு விரிசல்களுக்குள்ளும் புகுந்து அவற்றை வலையாக விரித்தது. நானோடார்சிப் பாறையில் எரிவளி மிகக் குறுகிய தொலைவே நகர முடியும் என்பதால், விரிசலின் அகலத்தைவிட அது பாறையைத் தொடும் மொத்தப் பரப்பே முதன்மையானது.

2002 தொடக்கத்தில் மிட்செல் நிறுவனத்தை டெவன் எனர்ஜி வாங்கியது. அதன் பின் கிடைமட்டக் கிணறுகள் பரவலாயின. பாறை அடுக்கிற்கு உள்ளேயே நீண்டு செல்லும் கிணற்றில், பெரிய முறிப்பு ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய முறிப்புகள் பலவற்றைச் செய்யலாம். இதனால் வயோலா தடுப்பு இல்லாத பகுதிகளிலும் விரிசல்களைப் பார்னெட்டுக்குள் நிறுத்திவைக்க முடிந்தது. உற்பத்தி 2011-2012 காலப்பகுதியில் உச்சத்தை அடைந்து, நாளொன்றுக்கு 500 கோடி கன அடியைத் தாண்டியது. பின்னர் எரிவளி விலை வீழ்ச்சியாலும், பென்சில்வேனியா முதலிய மாநிலங்களிலுள்ள மார்செல்லஸ் களிப்பாறையின் போட்டியாலும் புதிய கிணறுகள் குறைந்து உற்பத்தியும் இறங்கியது. டெவன் 2020 இல் தன் பார்னெட் கிணறுகளை விற்று வெளியேறியது.

கழிவுநீரும் நிலநடுக்கங்களும்

ஒரு கிடைமட்டக் கிணற்றை முறிக்க ஒரு கோடி லிட்டருக்கும் கூடுதலான நீர் தேவைப்படும். அதில் ஒரு பகுதி, பாறையின் உப்புநீருடன் கலந்து எரிவளியோடு மேலே திரும்பி வருகிறது. இக்கழிவுநீரைத் தனிக் கிணறுகள் வழியே மீண்டும் நிலத்துக்குள் செலுத்துவர். குழிகள் நிறைந்து பெருமளவு நீரை ஏற்கக்கூடிய எலன்பர்கர் பாறையே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

எலன்பர்கரின் கீழே பழமையான அடித்தளப் பாறையும் அதில் பிளவுப்பெயர்ச்சிகளும் உள்ளன. செலுத்தப்பட்ட நீரின் அழுத்தம் பிளவுப்பெயர்ச்சியை அடைந்தால், இருபுறப் பாறைகளையும் இறுக்கிப் பிடித்திருக்கும் விசை குறைந்து அவை வழுக்கலாம். 2008 அக்டோபரில் டாலஸ் - வோர்த் கோட்டை விமான நிலையத்தின் அருகே சிறு நிலநடுக்கங்கள் தொடங்கின. அங்கிருந்த கழிவுநீர்க் கிணறு ஒன்றில் நீர் செலுத்துதல் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே தொடங்கியிருந்தது. 2013 நவம்பரில் ஆசில் நகரருகே மற்றொரு தொடர் தொடங்கியது. இதனை ஆய்ந்த தென் மெதடிஸ்ட் பல்கலைக்கழகக் குழுவினர், கழிவுநீரைச் செலுத்தியதும் கிணறுகளிலிருந்து உப்புநீரை எடுத்ததுமே பெரும்பாலும் காரணம் என 2015 இல் வெளியிட்டனர். அதே ஆண்டு மே மாதம் வீனஸ் நகரருகே 4.0 அளவுடைய நிலநடுக்கம் பதிவானது. இந்நிலநடுக்கங்கள் பார்னெட்டை முறித்த செயலுடன் அன்றி, பெரும்பாலும் கழிவுநீரைச் செலுத்தியதுடனேயே தொடர்புபடுத்தப்படுகின்றன.

நகர்ப்புறத் துளையிடலை எதிர்த்து 2014 நவம்பரில் டென்டன் நகர மக்கள் வாக்களித்து நீரழுத்த முறிப்பைத் தடை செய்தனர். 2015 மே மாதம் டெக்சாஸ் மாநிலம் இத்தகைய நகரத் தடைகளைச் செல்லாததாக்கும் சட்டத்தை இயற்றியது. டென்டன் தன் தடையை அடுத்த மாதமே நீக்கிக்கொண்டது.

எடுக்கக்கூடிய அளவு

பாறையில் உள்ள எரிவளியின் அளவும் அதிலிருந்து எடுக்கக்கூடிய அளவும் ஒன்றல்ல. ஐக்கிய அமெரிக்க நிலவியல் அளவைத்துறை, இன்னும் கண்டறியப்படாத, தொழில்நுட்ப அளவில் எடுக்கக்கூடிய எரிவளி ஏறத்தாழ 26 இலட்சம் கோடி கன அடி என 2003 இல் மதிப்பிட்டது. 2015 இல் அம்மதிப்பை 53 இலட்சம் கோடி கன அடியாக உயர்த்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாறை மாறவில்லை. கிடைமட்டக் கிணறுகளும் அவை தந்த தரவுகளுமே மதிப்பை மாற்றின. டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, பாறையில் இருந்த கட்டற்ற எரிவளியை ஏறத்தாழ 444 இலட்சம் கோடி கன அடியாகவும், அதில் எடுக்கக்கூடியதை ஏறத்தாழ 44 இலட்சம் கோடி கன அடியாகவும் கணித்தது. அக்கணிப்பின்படி, பத்தில் ஒன்பது பங்கு எரிவளி 100 நானோமீட்டர் துளைகளிலேயே தங்கிவிடும்.