பொருள், விசை, ஆற்றல்: குழந்தைக்கு வீட்டிலே முதற்பாடம்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்ப் பெற்றோர்க்குக் குழந்தையின் அறிவியல் பாடம் ஓர் இடரை உண்டாக்குவதுண்டு. வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் கற்பது வேறு மொழி. எடுத்துக்காட்டாகத் தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் ஆகிய பகுதிகளைக் கொள்வோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவை கேரளத்தைச் சார்ந்தன. அங்கே தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. ஆயினும் மலையாளத்தில் பயிலும் தமிழ்க் குழந்தைகளும் உளர்.

அக்குழந்தை பள்ளியில் பருப்பொருளைத் 'திரவ்யம்' என்றும், விசையைப் 'பலம்' என்றும், ஆற்றலை 'ஊர்ஜம்' என்றும் கற்கிறது. வீட்டிலோ திரவியம் என்றால் செல்வம். திரவம் என்றால் நீர்போல் ஓடுவது. பலம் என்றால் உடல் வலிமை. கன்னடத்திலும் இந்தியிலும் விசைக்குப் 'பல' என்னும் சொல்லே வழங்குவதால், இவ்விடர் கேரளத்தோடு நிற்பதன்று. சொல் தடுமாறினால் கருத்தும் தடுமாறும். இதைத் தீர்க்கப் பெற்றோர் பெரும் படிப்புப் படித்திருக்க வேண்டுவதில்லை. கண்முன் உள்ளவற்றைக் காட்டி, நம் மொழியில் விளக்கினால் போதும்.

முதலில் பொருள். இடத்தை அடைத்துக்கொள்வதும் எடை உடையதும் எதுவோ அது பொருள். கல்லும் நீரும் பொருள் என்பதைக் குழந்தை உடனே ஒப்பும். காற்றும் பொருளே என்றால் ஐயுறும். ஒரு டம்ளரின் அடியில் காகிதத்தைத் திணித்து, அதைக் கவிழ்த்து, நேராக வாளி நீருக்குள் அழுத்தச் சொல்லுங்கள். வெளியே எடுத்தால் காகிதம் நனையாதிருக்கும். உள்ளிருந்த காற்று இடத்தை அடைத்துக்கொண்டு நீரை நுழையவொட்டாமல் தடுத்தது.

பொருள் மறைந்து போவதில்லை என்பதற்குத் தேயிலைத் தொழிற்சாலையே நல்ல சான்று. நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள்தான் கிடைக்கிறது. எஞ்சியது எங்கே? இலையிலிருந்த நீரே அதில் பெரும்பகுதி. வாட்டும்போதும் உலர்த்தும்போதும் அது ஆவியாகிக் காற்றோடு கலந்துவிட்டது. அது உருமாறியதேயன்றி அழியவில்லை.

அடுத்தது விசை. தள்ளுதலும் இழுத்தலுமே விசை. இடுக்கியில் குறவன், குறத்தி என்னும் இரண்டு பாறை மலைகளின் நடுவே, 1976-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அணை ஏறத்தாழ 169 மீட்டர் உயரம் ஓங்கி நிற்கிறது. தேங்கிய நீர் அதை ஓயாது தள்ளுகிறது. அணையோ நீரின் பக்கமாக வில்லைப்போல் வளைந்திருக்கிறது. ஆதலால் அந்த விசை இருபுறமும் பிரிந்து மலைகளைச் சேர்கிறது. மலைகளும் எதிர்த்துத் தள்ளுகின்றன. அதே பெரியாற்றில் மேலே 1895-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணை, தன் பேரெடையால் நீரைத் தாங்கும் வகையைச் சேர்ந்தது.

வளைவின் வலிமையை வீட்டிலும் காணலாம். இரண்டு கனத்த புத்தகங்களுக்கு இடையே ஓர் அஞ்சலட்டையைப் பாலம்போல் வைத்து, நடுவில் நாணயங்களை அடுக்கினால் அட்டை தொய்யும். அதே அட்டையை வில்லாக வளைத்துப் புத்தகங்களுக்கு நடுவே இறுக்கி நிறுத்தினால் மிகுதியான சுமையைத் தாங்கும்.

மூன்றாவது ஆற்றல். விசையையும் ஆற்றலையும் ஒன்றென எண்ணுவது பலர்க்கும் நேரும் மயக்கம். இடுக்கி அணை பல்லாண்டுகளாக நீரைத் தடுத்து நிற்கிறது. ஆனால் அப்படி நிற்பதற்கு அது ஆற்றல் எதையும் செலவிடுவதில்லை. விசை இருக்கிறது, நகர்ச்சி இல்லை. அந்த நீரோ சுரங்க வழியாக 600 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் இறங்கி, மூலமற்றத்தில் நிலத்தடியே அமைந்த மின் நிலையத்தில் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்குள்ள ஆறு இயந்திரங்களும் சேர்ந்து 780 மெகாவாட் மின்சாரம் தரவல்லவை. விசை ஒரு பொருளைத் தள்ளி நகர்த்தும்போது வேலை நடைபெறுகிறது; அந்த வேலையைச் செய்ய வல்ல தன்மையே ஆற்றல்.

இந்த ஆற்றலை இயந்திரம் புதிதாகப் படைக்கவில்லை. கதிரவன் கடல்நீரை ஆவியாக்கி உயர்த்தினான். மழை அதை மலைமேல் சேர்த்தது. உயரத்திலிருந்த நீரின் ஆற்றல் வீழ்ச்சியில் வேகமாகி, சக்கரத்தில் சுழற்சியாகி, கம்பியில் மின்சாரமாகி, வீட்டில் விளக்கொளியாயிற்று. மூணாற்றுக்கு அருகே 1940-ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளிவாசல் மின் நிலையமும் இம்முறையில் இயங்குவதே.

பாலக்காட்டுக் கணவாயில் மூன்று கருத்துகளையும் ஒருங்கே காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியாகிய அங்கே காற்று விரைந்து வீசுகிறது. வீசும் காற்று பொருள். பனைமரங்களை அது வளைப்பது விசை. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரமாக மாறுவது ஆற்றல். தேனி மாவட்ட எல்லையில் உள்ள இராமக்கல்மேட்டிலும் இத்தகைய காற்றாலைகள் உண்டு.

ஆகவே குழந்தையிடம் இலக்கணத்தை ஒப்பிக்கச் சொல்வதற்கு முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது இடத்தை அடைக்கிறதா? இதைத் தள்ளுவதும் இழுப்பதும் எவை? இது இயங்குவதற்கான ஆற்றல் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது? நீங்கள் வாழும் ஊரில் அணை இல்லாவிடினும் கிணற்று இராட்டினமும், ஊஞ்சலும், அடுப்பில் கொதிக்கும் உலையும் இருக்கும். தாய்மொழியில் தெளிந்த கருத்துக்குப் பள்ளிமொழிப் பெயரைச் சூட்டுவது எளிது. கருத்தின்றி மனனம் செய்த பெயரோ தேர்வு முடிந்ததும் மறந்து போகும்.