திருமலை ஏற்றத்தில் எஞ்சின் ஏன் கொதிக்கிறது?

மலையடிவாரத்தில் அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டும் வண்டி, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 700 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் ஆலோசனையோடு அமைந்து 1944-இல் திறக்கப்பட்ட பழைய மலைச்சாலை இப்போது இறங்குவதற்கு. ஏறுவதற்கு 1974-இல் வந்த இரண்டாவது சாலை. ஆட்களும் பெட்டிகளுமாக ஒன்றரை டன் எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே ஒரு கோடி ஜூல் ஆற்றல் செலவாகும். எஞ்சின் எரிக்கும் பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மிச்சம் எஞ்சினின் இரும்பிலும் அலுமினியத்திலும் இறங்கும் வெப்பம். அதுவும் ஏறத்தாழ ஒரு கோடி ஜூல். 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த வெப்பம் போதும். காரில் ஓடும் கூலண்டோ ஐந்தாறு லிட்டர்தான்.

அந்த ஐந்தாறு லிட்டர் ஓயாமல் சுற்றிவந்து, எஞ்சினில் வாங்கும் சூட்டை ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் வண்டி மேலே போய்ச் சேருகிறது. கொடுப்பது கொஞ்சம் தடைபட்டாலும் டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறிவிடும். சித்தூர், திருப்பதிப் பக்கம் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். 95 டிகிரி கூலண்டுக்கும் 20 டிகிரி மார்கழிக் காற்றுக்கும் இடைவெளி 75. அதுவே 42 டிகிரி வெயிலில் 53. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் இந்த இடைவெளியைப் பொறுத்தது என்பதால், கோடையில் அதன் திறன் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைகிறது.

“கீழே நல்லாத்தான் சார் ஓடுச்சு, மலையிலதான் ஹீட் ஆயிருச்சு” என்பார்கள். கீழேயே கோளாறு இருந்திருக்கும். வேலூரிலிருந்து சித்தூர், சந்திரகிரி வழியாக வரும் சமதளச் சாலையில் எஞ்சினுக்கு அவ்வளவு வேலை இல்லை. பாதி அடைத்த ரேடியேட்டரே அதற்குப் போதும்.

ஆகவே வண்டி சூடானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது சூடாகிறது என்பதுதான். அலிபிரி வரிசையில் நிற்கும்போது முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், ஃபேனைப் பாருங்கள். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உண்டு. நிற்கும் வண்டிக்கு ஃபேன் மட்டுமே கதி. ஃபியூஸ், ரிலே, மோட்டார் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கும். நிற்கும்போது சரியாக இருந்து, ஏற்றத்திலும் அதிவேகத்திலும் சூடானால், கூலண்ட் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதித்துக் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், சுற்றோட்டம் எங்கோ நின்றுவிட்டது.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கட்டைவிரல் அளவுள்ள பித்தளைக் குப்பிக்குள் மெழுகு. கூலண்ட் 82 முதல் 88 டிகிரியைத் தொட்டதும் மெழுகு உருகிப் பருத்து ஒரு ஊசியைத் தள்ள, வால்வு திறக்கிறது. குளிர்ந்தால் ஸ்பிரிங் மூடிவிடும். மின்சாரமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். சந்தேகம் வந்தால், கழற்றிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தால் தெரிந்துவிடும். கொதிப்பதற்கு முன்பே திறக்கத் தொடங்க வேண்டும். நம் ஊர்களில் சில மெக்கானிக்குகள் “இது எதுக்கு?” என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது பெரிய தவறு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் மைலேஜ் குறையும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பக்கவழி திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, சூடு அதிகமாகும்.

ரேடியேட்டரை உள்ளிருந்து அடைப்பது பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர்தான். ராயலசீமையின் போர் தண்ணீரில் உப்பு அதிகம். சூட்டில் அது சுண்ணாம்பாகப் படிந்து மெல்லிய குழாய்களைக் குறுக்கும். அந்தப் படிவு அலுமினியத்தைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். கூலண்டோடு காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் கலக்க வேண்டும்.

எங்கும் ஒழுகாமல் கூலண்ட் குறைந்துகொண்டே போகிறதா? புகை வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வருகிறதா? ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறத்தில் நுரை படிந்திருக்கிறதா? ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை மலைக்குக் கொண்டுபோகவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. இன்றைய பல கார்களில் முள் கூலண்டின் ஒவ்வொரு டிகிரிக்கும் அசைவதில்லை. 75-இலிருந்து 105 டிகிரி வரைகூட நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். முள் நகர்கிறது என்றால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். கூலண்ட் மொத்தமும் ஒழுகிப்போனால், சென்சார் வெறுங்காற்றில் நின்று குறைந்த சூட்டைக் காட்டி ஏமாற்றவும் கூடும்.

ஏற்றத்தில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். புழுக்கம் தாங்காதுதான். ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர். பெரிய கியரில் எஞ்சினைத் திணறவிடாமல் சின்ன கியருக்கு வந்தால் வாட்டர் பம்ப் வேகமாகச் சுற்றும். அப்படியும் அடங்காவிட்டாலோ, ஆவி கிளம்பினாலோ ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். சூட்டோடு சூடாக ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி உள்ளே சுமார் ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் உள்ளே வெறும் தண்ணீரே இருந்தாலும் 120 டிகிரி வரை கொதிக்காது. திறந்த கணத்தில் அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். எஞ்சின் மேல் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். அரை மணி நேரமாவது பொறுங்கள்.

திருப்பதிக்குக் கிளம்பும் நாளில் விடியற்காலையில், எஞ்சின் தொட்டால் குளிர்ந்திருக்கும்போதே பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். ரிசர்வ் டேங்கில் கூலண்ட் அளவு, ஹோஸ் முனைகளில் ஈரம், மூடியின் ரப்பரில் வெடிப்பு. இவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. ஒன்று சரியில்லை என்றாலும் அன்றைக்கு பஸ்ஸில் போங்கள்.