தொங்கும் பூங்கூடை: இடம் பார்த்துச் செடி வைப்போம்

நிலமுடையவர்க்கே பூந்தோட்டம் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ நெசவாளர் தெருக்களிலும், நகரங்களின் மாடிக் குடியிருப்புகளிலும் முற்றம் என்பதே அரிதாகி வருகிறது. தறியும், பாவும், ராட்டினமும் இடங்கொண்டது போக எஞ்சுவது திண்ணையும் தாழ்வாரமுமே. அத்தகைய இல்லத்திலும் பூ மலரச் செய்ய வழி உண்டு. கூரை விட்டத்திலிருந்து தொங்கவிடும் பூங்கூடையே அவ்வழி. ஒரு சாண் நிலமும் கேட்காத தோட்டம் அது. பூச்செடி வளர்க்கும் அங்கத்தினர்க்கோ அது விற்பனைக்குரிய பண்டமும் ஆகும். நாற்றுப் பண்ணை வைத்திருப்போர் பலர் செடியோடு கூடிய கூடைகளை அமைத்து விற்று வருகின்றனர்.

ஆயினும், விலை கொடுத்து வாங்கிய கூடைகளுள் பல, ஒரு திங்கள் முடியுமுன்பே சருகாகித் தொங்குவதை நாம் ஊர்தோறும் காண்கிறோம். வாங்கியவர் தமது கைராசியை நொந்துகொள்கிறார். விற்றவர் வெயிலின்மீது பழி போடுகிறார். உண்மையில் குறை கைராசியிலும் இல்லை, வெயிலிலும் இல்லை. பூவின் நிறத்தைக் கண்டு செடியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதனை மாட்ட இடம் தேடுவதே நாம் செய்யும் பிழை. முதலில் இடத்தை அறிந்து, அவ்விடத்திற்கு இசைந்த செடியைப் பின்னர் நாடவேண்டும். இக்கட்டுரை வற்புறுத்த விரும்புவது இது ஒன்றே.

கூடையின் இயல்பு

தரையில் நிற்கும் செடி, மேல்மண் காய்ந்தால் வேரைக் கீழே செலுத்தி நீரைத் தேடிக்கொள்ளும். கூடையிலுள்ள செடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர், குறுக்களவுள்ள அரைக்கோள வடிவக் கூடையில் கொள்வது சுமார் 7 லிட்டர் கலவையே. அந்த ஏழு லிட்டரே அச்செடியின் உலகம். மேலும், கூடையை நாற்புறமும் அடிப்புறமும் காற்று சூழ்ந்துகொள்கிறது. ஆகவே தரைத்தொட்டி இரண்டு நாளில் உலருமாயின், கூடை ஒரே நாளில் உலர்ந்துவிடும். வெயிலும் காற்றும் சேர்ந்தால் காலையில் வார்த்த நீர் மாலைக்குள் மறைந்துபோகும். இதனைத் தாங்கும் செடி எது, தாங்காத செடி எது என்பதே தேர்வின் அடிப்படை.

கனடா நாட்டின் விக்டோரியா நகரத்தார், தம் நகரின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி 1937ஆம் ஆண்டில் தெருவிளக்குக் கம்பங்களில் பூங்கூடைகளைத் தொங்கவிட்டனர். அவ்வழக்கம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. அங்கே பெட்டூனியாவும், ஜெரேனியமும், லொபீலியாவும் கலந்து வழிந்தொழுகும் படங்களைக் கண்டு மகிழாதார் இல்லை. ஆனால் அது குளிர்ந்த கடற்கரை நகரம். அங்குள்ள கோடை நமது மார்கழியை ஒத்தது. அப்படத்தை முன்வைத்துச் சித்திரை மாதத்தில் ஈரோட்டிலோ மதுரையிலோ கூடை கட்டுவது, பட்டுக்குரிய பாவில் கம்பளி நூலை ஊடையாக ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

இடத்தை அறிதல்

செடி வாங்குமுன் ஒரு நாளைச் செலவிட்டு, கூடை மாட்டக் கருதும் இடத்தைக் காலை எட்டு மணிக்கும், நண்பகலிலும், மாலை நான்கு மணிக்கும் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். நேர்வெயில் ஆறு மணி நேரத்திற்கு மேல் விழுமாயின் அது முழுவெயில் இடம். காலை வெயில் மட்டும் மூன்று நான்கு மணி நேரம் விழுமாயின் அது அரைவெயில் இடம். நேர்வெயில் விழாமல், ஆயினும் புத்தகம் படிக்கப் போதிய வெளிச்சம் உள்ளதாயின் அது ஒளிநிழல் இடம். விளக்கேற்றிப் படிக்கவேண்டிய இடத்தில் பூச்செடியை மாட்டுதல் வீண்.

திசையும் முக்கியமானது. கிழக்கு நோக்கிய திண்ணைக்குக் கிடைக்கும் இளவெயில் பெரும்பாலான செடிகளுக்கு உகந்தது. மேற்கு நோக்கிய திண்ணையில் பிற்பகல் வெயிலோடு சுவரின் வெப்பமும் சேர்ந்து செடியை வாட்டும். வடக்கும் தெற்கும் பருவத்துக்குப் பருவம் மாறுவதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை சூரியன் நண்பகலில் நமது தலைக்கு வடக்கே செல்கிறது. மற்றக் காலத்தில் தெற்கே சாய்கிறது. எனவே தென்புறத் தாழ்வாரம் மார்கழி, தை மாதங்களில் வெயில் மிகுந்தும், வைகாசி, ஆனி மாதங்களில் நிழலாகவும் இருக்கும். வடபுறத் தாழ்வாரம் இதற்கு நேர்மாறானது. தையில் செழித்த செடி ஆனியில் பூக்காமற்போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கூடையை மற்றொரு புறத்திற்கு மாற்றிவிட்டால் பல சமயம் குறை நீங்கிவிடும்.

எவ்விடத்திற்கு எச்செடி?

முழுவெயில் இடத்திற்கு முதலிடம் பெறத்தக்கது பத்துமணிப் பூ. டேபிள் ரோஸ் என்று வழங்குவதும் அதுவே. அதன் தடித்த இலைகளும் தண்டுகளும் நீரைச் சேமித்து வைத்துக்கொள்வதால் ஒருநாள் மறதியைப் பொறுத்துக்கொள்ளும். விரல் நீளத் துண்டுகளைக் கிள்ளி நட்டால் ஒரு வாரம், பத்து நாளில் வேர்விடும். ஓரடிக் கூடைக்கு எட்டுப் பத்துத் துண்டுகள் போதும். வெயில் ஏறியபின் மலர்ந்து பிற்பகலில் கூம்பும் இயல்புடையதாதலால், பகல் முழுவதும் வெளியே வேலை செய்துவிட்டு மாலையில் வீடு திரும்புவோர் அதன் அழகைக் காண இயலாது என்பதையும் கருதவேண்டும்.

அடுத்தது நித்தியகல்யாணி. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து நம் நாட்டுச் செடியாகவே ஆகிவிட்ட இது, ஆண்டு முழுதும் பூக்கும். கூடைக்கென்றே படர்ந்து தொங்கும் வகைகளும் உள்ளன. நிமிர்ந்து வளரும் பழைய வகையை வாங்கிவிட்டுத் தொங்கவில்லையே என்று வருந்துதல் கூடாது. இச்செடி வறட்சியால் சாவதைவிட அதிக நீரால் வேரழுகிச் சாவதே மிகுதி. புற்றுநோய்க்கான மருந்துப் பொருள்களைத் தரும் இச்செடி நச்சுத்தன்மையும் உடையது. ஆகவே கிள்ளி எறியும் கிளைகளை ஆடுமாடுகள் தின்னும்படி விடலாகாது. சிவந்த குழல்போன்ற பூக்களைச் சரம் சரமாகத் தொங்கவிடும் ருஸ்ஸேலியாவும், ஊதாநிறப் பூக்கொண்ட படரும் லண்டானாவும் முழுவெயிலைத் தாங்குவன.

பெட்டூனியாவைச் சமவெளியில் வளர்க்கவே முடியாது என்பதல்ல. அதற்குரிய பருவத்தை மீறலாகாது என்பதே நமது கருத்து. ஐப்பசியில் மழைபடாத இடத்தில் விதைத்து, கார்த்திகை மழை தணிந்தபின் கூடைக்கு மாற்றினால் தை முதல் பங்குனி வரை பூக்கும். கத்திரி வெயில் தொடங்குமுன் அதற்கு விடைகொடுத்துவிட வேண்டியதுதான். விதைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தூள்போன்ற பெட்டூனியா விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், அதன்மீது மண்ணிடலாகாது. நித்தியகல்யாணி விதையோ இருளில்தான் நன்கு முளைக்கும். அதனை மண்ணிட்டு மூடவேண்டும். இரண்டையும் ஒரே முறையில் விதைப்பவர் ஒன்றை இழப்பது உறுதி.

அரைவெயில் இடத்திற்கு டொரீனியா, ஆப்பிரிக்கக் காசித்தும்பை எனத்தக்க இம்பேஷன்ஸ், மஞ்சள் கரிசலாங்கண்ணி ஆகியவை ஏற்றவை. இவை ஈரத்தை விரும்புவன. நம் வீட்டுக் காசித்தும்பை நிமிர்ந்து வளர்வதால் கூடைக்கு ஆகாது. தரைக்கே அது அழகு. மஞ்சள் கரிசலாங்கண்ணி கூடையின் விளிம்பைத் தழுவி இறங்கி, பொன்னிறப் பூக்களையும் தந்து, கீரையாகவும் பயன்படும்.

ஒளிநிழல் இடத்தில் பிகோனியா வகைகளை வைக்கலாம். மண்ணே இல்லாமல், கரித்துண்டும் தேங்காய் மட்டைத்துண்டும் இட்ட மரக்கூடையில் டென்ட்ரோபியம் ஆர்க்கிடையும் வளர்க்கலாம். அதற்கு இளவெயில் சிறிது பட்டால் பூ மிகும். உதகை, கொடைக்கானல் முதலிய மலைப்பகுதி அங்கத்தினர் ஃப்யூஷியாவையும், தொங்கும் ஜெரேனியத்தையும் தயக்கமின்றி வளர்க்கலாம். ஆனால் மலையில் குலுங்கும் ஃப்யூஷியாவை ஆசைப்பட்டுச் சமவெளிக்குக் கொண்டுவருவோர், வெப்பம் ஏறியதும் மொட்டுகள் உதிர்வதையே காண்பர்.

கூடையும் கலவையும்

கம்பிக்கூடையில் தென்னைநார் விரிப்பை இட்டு அதனுள் கலவையை நிரப்புவது வழக்கம். வெறும் தோட்டமண் கூடாது. நனைந்த தோட்டமண் ஏழு லிட்டர் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. அது விட்டத்திற்கும் பாரம், இறுகிப்போவதால் வேருக்கும் கேடு. தென்னைநார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண்ணும் மணலும் சேர்ந்து ஒரு பங்கு என்னும் கலவை எடை குறைந்தது, ஈரத்தையும் காக்கும். தென்னைநார்த்தூளில் உப்பு இருக்கும். ஆகவே அதனை நல்ல நீரில் ஊறவைத்து, பழுப்புநீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை வடித்த பின்னரே பயன்படுத்தவேண்டும்.

கயிற்றைப் பற்றி நெசவாளர்க்கு நாம் கூறவேண்டுவதில்லை. பருத்திக் கயிறு கண்ணுக்கு இனியது. பின்னல் வேலைக்கும் ஏற்றது. எனினும் இடைவிடாத ஈரத்தில் அது இற்றுப்போகும். பருத்திப் பின்னலைத் தாழ்வாரத்தின் உட்புறத்திற்கும், இரும்புச் சங்கிலியை வெளிப்புறத்திற்கும் கொள்வது நலம். எதுவாயினும் ஆண்டுக்கு இருமுறை கொக்கியையும் முடிச்சையும் சோதித்தல் வேண்டும். தலைக்குமேல் தொங்கும் பொருள் அது என்பதை மறக்கலாகாது. புயல் அறிவிப்பு வந்தால் கூடைகளைத் தரையில் இறக்கிவிடுவதே அறிவுடைமை.

நீரும் உணவும்

நீர் வார்க்கக் கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம். கூடையின் எடையைப் பார்க்கவேண்டும். கீழிருந்து கையால் சிறிது தூக்கிப் பார்த்தால் ஈரமும் உலர்வும் இரண்டு நாளில் பழகிவிடும். அடியில் வடியும்வரை வார்த்தல் நன்று. முற்றும் உலர்ந்த கூடையில் மேலே வார்க்கும் நீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். அப்போது அதனை ஒரு வாளி நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி எடுக்கவேண்டும். வடிதட்டு வைப்போர் அதில் நீர் தேங்கவிடலாகாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இத்தகைய நீரிலேயே.

சிறிதளவு கலவையில் உரச்சத்தும் விரைவில் தீர்ந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, லிட்டருக்கு 30 மில்லி வீதம் கலந்து வடிகட்டிய பஞ்சகவ்யமோ, லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்த 19:19:19 உரமோ அளித்தால் போதும். வாடிய பூக்களையும் நீண்ட நுனிகளையும் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். வாரம் ஒருமுறை கூடையைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டால் எல்லாப் பக்கமும் ஒப்பப் பூக்கும். மாவுப்பூச்சியோ அசுவினியோ கண்டால் லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

நெசவாளர் இல்லங்களுக்கு மூன்று எச்சரிக்கைகள் உண்டு. தறிக்கும் பாவுக்கும் நேர்மேலே கூடையை மாட்டலாகாது. வடியும் பழுப்புநீர் பட்டிலும் பருத்தியிலும் கறையாகப் படியும். சாயம் கழுவிய நீரைச் செடிக்கு வார்த்தலும் ஆகாது; அதிலுள்ள உப்பும் சோடாவும் வேரைக் கருக்கிவிடும். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்றுநீரையே நம்பியிருப்போர், கலவையின்மேல் வெள்ளைப் பொருக்குப் படியக் கண்டால் மழைநீரை மிகுதியாக வார்த்து உப்பை வெளியேற்றவேண்டும்.

விற்போர் கடமை

கூடை விற்கும் அங்கத்தினர்க்கு ஒன்று கூறுவோம். பூத்துக் குலுங்கும் கூடையை விற்பது எளிது. அது வாங்கியவர் வீட்டில் மூன்று திங்கள் கழித்தும் பூத்திருக்கச் செய்வதே தொழில். "எங்கே மாட்டப்போகிறீர்கள்? வெயில் எத்தனை மணி நேரம் விழும்?" என்று இரண்டே கேள்விகள் கேட்டபின் செடியைக் கொடுக்கவேண்டும். இசையாத இடமென்று தெரிந்தால், விலை குறைந்த வேறு செடியைக் காட்டத் தயங்கலாகாது. வெயில், நீர், பருவம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய சிறு சீட்டு ஒன்றையும் கூடையில் கட்டிக் கொடுத்தல் நன்று. பண்ணை நிழல்வலையின்கீழ் வளர்ந்த செடியை உடனே கொடும் வெயிலுக்கு அனுப்பாமல், ஒரு வாரம் சிறிது சிறிதாக வெயிலில் பழக்கியபின் விற்கவேண்டும். விலை நிர்ணயிக்கையில் கூடை, கயிறு, கலவை, செடி ஆகியவற்றோடு வீட்டுப் பெண்டிரின் உழைப்பையும், பட்டுப்போகும் செடிகளின் பங்கையும் சேர்த்துக்கொள்ளாவிடில், ஆதாயமென்று நினைப்பது நட்டமாகவே முடியும்.

தென்னைநார் ஒருவரிடம், பருத்திக் கயிறு ஒருவரிடம், நாற்று ஒருவரிடம் என்று பிரிந்து கிடப்பவற்றை ஒன்று சேர்த்துக் கொள்முதல் செய்து, ஒரே தரத்தில் கூடை அமைக்கச் சங்கத்தால் இயலும். ஆனால் சங்கத்தின் பெயரால் வெளிச்செல்லும் ஒவ்வொரு கூடையும் சங்கத்தின் சொல்லுக்குச் சாட்சியாகும். பத்து நாளில் காயும் கூடை வாங்கியவரை நம்மிடமிருந்து விலக்கிவிடும். நின்று பூக்கும் கூடை அவருடைய அண்டை வீட்டாரையும் நம்மிடம் அழைத்துவரும். அங்கத்தினர்கள் இப்பருவத்தில் ஒரே ஒரு கூடையைத் தம் வீட்டில் இடமறிந்து வைத்து வளர்த்துப் பார்க்கட்டும். வளர்த்துத் தேர்ந்த பின்னரே விற்கத் தொடங்கட்டும்.