பஃப்பும் தொடரட்டும், ஆடாதோடையும் இருக்கட்டும்

"பஃப் அடிச்சா பழக்கமாகிடுமாம். அதை நிறுத்திட்டு ஆடாதோடைக்கு மாறிட்டேன்." ஆஸ்துமா உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆடாதோடை குடிச்சதில் தப்பில்லை. பஃப்பை நிறுத்தியதில்தான் சிக்கல்.

ஆஸ்துமா இருப்பவருக்கு, இருமலே இல்லாத நாளிலும் மூச்சுக்குழாயின் உட்புறம் லேசாக வீங்கியே இருக்கலாம். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் அந்த வீக்கத்தை அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள்கூட நன்றாகவே போகும். "பாருங்க, கஷாயம் கேட்குது" என்று தோன்றும். உள்ளே வீக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு பனி இரவோ, ஒட்டடை அடித்த தூசியோ போதும், மூச்சு முட்டிவிடும். பழக்கமாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். மருந்து நேராக நுரையீரலுக்கே போவதால், மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே தேவைப்படுகிறது.

நாட்டு மருந்தை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆங்கில மருத்துவத்தில் சளியை இளக்கத் தரும் புரோம்ஹெக்சின், ஆடாதோடையில் உள்ள வாசிசினை அடிப்படையாக வைத்து உருவானதுதான். ஆனால் சளியை இளக்குவது வேறு, வீக்கத்தைத் தணிப்பது வேறு. ஆடாதோடை மணப்பாகில் சர்க்கரை உண்டு என்பதை சுகர் இருப்பவர்கள் கவனிக்கணும். மூச்சுப்பயிற்சி பலருக்குப் பதற்றத்தைக் குறைக்கிறது, தொந்தரவும் குறைகிறது. இன்ஹேலரின் இடத்தை அது பிடிக்காது. சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம். 'ஒரே வேளையில் மூச்சு சரியாகும்' என்று லேபிள் இல்லாமல் விற்கும் பொடியை வாங்காதீங்க. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது.

பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவும் அதே வளாகத்திலேயே இருக்கிறது. எடுக்கும் எல்லா மருந்துகளின் லேபிளையும் செல்போனில் படம் எடுத்து வைத்து, இரண்டு டாக்டர்களிடமும் காட்டுங்க. சித்தா டாக்டரிடம் பஃப்பை மறைப்பதும், இங்கே கஷாயத்தை மறைப்பதும் நமக்குத்தான் ஆபத்து. அளவைக் குறைக்கணும் என்றால், இன்ஹேலர் எழுதிய டாக்டரே படிப்படியாகக் குறைப்பார்.

சந்தேகம் கேட்க 104-ஐ அழைக்கலாம். ஆனால் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, உடனடி நிவாரண பஃப் எடுத்தும் திணறல் அடங்கவில்லை என்றால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க நேரமில்லை. நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து உடனே 108-ஐ அழையுங்க. வண்டி வரும்வரை, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி நிவாரண பஃப்பைத் தொடருங்க.