நைல் கரையின் தராசும் ஃபுராத் கரையின் புழுதியும்

மையவாடியில் மூன்று பிடி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பும் மனிதனின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. எல்லாம் இத்தோடு முடிந்துவிட்டதா? இல்லையெனில், இனி என்ன?

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதத் தொடங்கிய இரு பெரும் சமுதாயங்கள் இதே கேள்வியைக் கேட்டு, தத்தமக்குரிய விடையைக் களிமண்ணிலும் கல்லிலும் எழுதி வைத்தன. ஒன்று மிஸ்ரு நாட்டின் நைல் கரையில் வாழ்ந்தது. மற்றொன்று இன்றைய இராக்கில் திஜ்லா, ஃபுராத் எனும் இரு நதிகளுக்கு இடையே வாழ்ந்தது. மூஸா நபி (அலை), யூஸுஃப் நபி (அலை) ஆகியோரின் வரலாற்றில் நாம் சந்திக்கும் மண் முதலாவது. யூனுஸ் நபி (அலை) அனுப்பப்பட்ட நீனவா நகரம் இரண்டாவது மண்ணில் இருந்தது. அம்மக்கள் பல தெய்வங்களை வணங்கினர் என்பதை நாம் அறிவோம். அத்தெய்வங்களிடம் அவர்கள் எதை எதிர்பார்த்தனர், இறப்புக்குப் பின் எதை நம்பினர், எதற்கு அஞ்சினர் என்பதைச் சற்றே காண்போம்.

இரு நதிகள், இரு மனநிலைகள்

நைல் ஒழுங்கு தவறாத நதி. எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழையால் ஆண்டுதோறும் கோடையில் பெருக்கெடுக்கும். நிலத்தில் கரிய வண்டலைப் பரப்பிவிட்டு வடியும். பின்னர் உழவர் விதைப்பர். 1960களில் அஸ்வான் உயர் அணை எழும் வரை இச்சுழற்சி நீடித்தது. வெள்ளம் குறைந்து பஞ்சம் தலைகாட்டிய ஆண்டுகளும் உண்டு. ஆயினும் பொதுவாக நைல் மக்களைக் கைவிட்டதில்லை. ஆகவே, இவ்வுலகம் ஓர் ஒழுங்கின் மீது நிலைபெற்றிருக்கிறது என மிஸ்ரு மக்கள் நம்பினர். அவ்வொழுங்குக்கு அவர்கள் இட்ட பெயர் ‘மஆத்’. உண்மை, நீதி, ஒழுங்கு ஆகிய மூன்று பொருளும் அச்சொல்லில் அடங்கும். தலையில் தீக்கோழி இறகு சூடிய பெண் தெய்வமாக அதனை வரைந்தனர்.

திஜ்லாவும் ஃபுராத்தும் அத்தகையவை அல்ல. வடக்கே மலைகளில் பனி உருகும் வசந்த காலத்தில், கதிர் முற்றி அறுவடைக்குக் காத்திருக்கும் வேளையில் அவற்றில் வெள்ளம் வரும். எந்த ஆண்டு எவ்வளவு வரும், எங்கே கரை உடையும் என்று எவராலும் கூற இயலாது. அந்நாட்டு மக்கள் கற்பனை செய்த தெய்வங்களும் அவ்வாறே முன்கோபமும் மனமாற்றமும் கொண்டவையாக இருந்தன. நிலமும் நீரும் மட்டுமே ஒரு சமுதாயத்தின் நம்பிக்கையை உருவாக்கிவிடும் என்று முடிவு கட்டிவிட இயலாது. எனினும் அவர்கள் கண்ட நதியின் சாயல் அவர்களுடைய கதைகளில் படிந்திருப்பதை மறுப்பதற்கில்லை.

இதயத்தை நிறுக்கும் தராசு

மிஸ்ரு மக்களின் கதைகளில் தலையாயது ஒசிரிஸ் கதை. நல்லாட்சி புரிந்த மன்னனாகிய ஒசிரிஸை அவன் சகோதரன் சேத் பொறாமையால் கொன்று, உடலைத் துண்டு துண்டாக்கி எறிந்தான். மனைவி இஸிஸ் அத்துண்டுகளைத் தேடிச் சேர்த்து அவனை மீண்டும் எழச் செய்தாள். அவர்களுடைய மகன் ஹோரஸ் சேத்தை வென்று அரியணை ஏறினான். ஒசிரிஸ் இறந்தோர் உலகின் மன்னனானான். உயிரோடிருக்கும் ஃபிர்அவ்ன் ஹோரஸின் வடிவம். இறந்த ஃபிர்அவ்ன் ஒசிரிஸாகிவிடுகிறான் என்று நம்பினர். மன்னர்கள் தம்மைத் தெய்வம் என்று கூறிக்கொண்டதன் வேர் இத்தகைய நம்பிக்கைகளில் இருக்கிறது.

தொடக்கத்தில் மறுவுலக மந்திரங்கள் அரச குடும்பத்துக்கே உரியவையாக இருந்தன. கி.மு. 2350ஐ ஒட்டி வாழ்ந்த உனாஸ் எனும் மன்னனின் பிரமிடுச் சுவர்களில் அவை முதன்முதலாகப் பொறிக்கப்பட்டன. பின்னர் பிரபுக்களின் சவப்பெட்டிகளில் இடம் பெற்றன. கி.மு. 1550ஐ ஒட்டி, பாப்பிரஸ் சுருள்களில் எழுதப்பட்டு, விலை கொடுக்க வல்ல எவருக்கும் கிடைத்தன. இச்சுருள்களையே ‘இறந்தோர் நூல்’ என்று இன்று அழைக்கின்றனர்.

அச்சுருள்களில் வரையப்பட்ட ஒரு காட்சி புகழ் பெற்றது. நடுவே ஒரு தராசு. ஒரு தட்டில் இறந்தவரின் இதயம். மறு தட்டில் மஆத்தின் இறகு. நரித்தலை கொண்ட அனூபிஸ் தராசைச் சரிபார்க்கிறது. நாரைபோன்ற பறவைத் தலை கொண்ட தோத் கையில் எழுதுகோலுடன் முடிவைப் பதிவு செய்கிறது. அருகே முதலைத் தலையும் சிங்க உடலும் நீர்யானைப் பின்புறமும் கொண்ட அம்மித் எனும் விலங்கு காத்து நிற்கிறது. பாவத்தால் இதயம் கனத்துவிட்டால் அதனை அவ்விலங்கு விழுங்கிவிடும். அத்துடன் அம்மனிதன் இல்லாமலே போய்விடுவான். இறந்தவர் 42 நீதிபதிகள் முன் நின்று, நான் கொலை செய்யவில்லை, திருடவில்லை, நிறுவையில் மோசம் செய்யவில்லை என்று வரிசையாக மொழிய வேண்டும்.

மனிதனின் செயல் ஒருநாள் நிறுக்கப்படும். அங்கே மன்னனும் கணக்குச் சொல்ல வேண்டும் எனும் உணர்வு எத்துணை உயர்ந்தது! மீஸானைப் பற்றி மக்தபிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி வியப்பளிக்கிறது. ஆனால் அடுத்து நடந்ததுதான் சிந்திக்கத் தக்கது.

தராசை ஏமாற்ற ஒரு வண்டு

உடலைப் பதப்படுத்தும்போது மூளையை மூக்கின் வழியே எடுத்து எறிந்துவிடுவர். இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவைப்பர். நிறுவைக்கு அது வேண்டும் அன்றோ? அந்த இதயமே தனக்கு எதிராகச் சாட்சி கூறிவிட்டால் என்ன செய்வது எனும் அச்சம் பிறந்தது. அதற்கும் ஒரு வழி கண்டனர். பச்சை நிறக் கல்லில் வண்டு வடிவம் செதுக்கி, அதன் அடியில் ஒரு மந்திரம் பொறித்து, பிணத்தின் மார்பின் மீது வைத்தனர். தராசின் முன்னே எனக்கு எதிராகப் பேசாதே என்று இதயத்தை வேண்டுவதே அம்மந்திரத்தின் கருத்து. கையும் காலும் சாட்சி கூறும் நாளை நம்புகிறவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். உண்மை பேசும் சாட்சியின் வாயை அடைக்க அவர்கள் முயன்றனர்.

சுருள்களும் வணிகப் பொருளாயின. எழுத்தர்கள் அவற்றை முன்கூட்டியே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்தனர். வாங்குகிறவரின் பெயர் பின்னர் நிரப்பப்பட்டது. மறுவுலகிலும் வயல்வேலை உண்டு என்று நம்பியதால், தமக்குப் பதிலாக உழைக்கச் சிறு பொம்மைகளையும் கல்லறைக்குள் கொண்டு சென்றனர்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அனி எனும் எழுத்தருக்குரிய சுருள் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 1250ஐச் சேர்ந்த அதில் இதயமும் இறகும் சமமாக நிற்கின்றன. இத்தகைய சுருள்களில் எல்லாம் இறந்தவர் வெற்றி பெற்றவராகவே வரையப்பட்டிருக்கிறார். வேறு எவ்வாறு இருக்கும்? தான் தோற்பதைக் காட்டும் ஓவியத்துக்கு எவர் விலை கொடுப்பார்?

புழுதியே உணவாகும் வீடு

இனி ஃபுராத் கரைக்கு வருவோம். இங்கே செயல்களை நிறுக்கும் தராசு இல்லை. அக்காத் மொழியில் எழுதப்பட்ட அத்ராஹசிஸ் எனும் பழங்காவியத்தின்படி, கால்வாய் வெட்டும் வேலையில் களைத்துப்போன சிறு தெய்வங்களின் சுமையை இறக்கி வைக்கவே மனிதன் களிமண்ணால் படைக்கப்பட்டான். மனிதர் பெருகினர்; அவர்களுடைய இரைச்சலால் என்லில் எனும் தெய்வத்தின் உறக்கம் கெட்டது. கொள்ளைநோயும் பஞ்சமும் அனுப்பியும் இரைச்சல் அடங்காமற்போகவே, வெள்ளத்தால் அனைவரையும் அழிக்க முடிவு செய்தது. ஈயா எனும் மற்றொரு தெய்வம் இரகசியமாக ஒரு மனிதனை எச்சரித்துப் படகு கட்டச் செய்தது.

கில்காமேஷ் காவியத்திலும் இவ்வெள்ளக் கதை வருகிறது. நீனவா நகரில் அசூர்பானிபால் மன்னன் சேர்த்துவைத்த களிமண் ஏடுகளில் ஒன்றை ஜார்ஜ் ஸ்மித் என்பவர் 1872இல் படித்து வெளியிட்டபோது உலகமே வியந்தது. நூஹ் நபி (அலை) வரலாற்றோடு அதற்குள்ள ஒற்றுமையைப் பலரும் பேசினர். வேற்றுமையையும் நாம் காண வேண்டும். நூஹ் நபியின் சமுதாயத்தார் நீண்ட காலம் எச்சரிக்கப்பட்டும் திருந்தவில்லை. பாபிலோன் கதையிலோ மக்கள் செய்த குற்றம் சத்தம் போட்டதுதான். வெள்ளம் வடிந்த பின், பலியின் வாசனையை நுகர்ந்து பசித்த தெய்வங்கள் ஈக்களைப் போல மொய்த்தன என்றும் அக்கதை கூறுகிறது.

அத்தகைய தெய்வங்களை நம்பியவர்களுக்கு இறப்புக்குப் பின் என்ன கிடைக்கும்? கில்காமேஷின் உயிர்த்தோழன் என்கிடு இறக்கும் தறுவாயில் ஒரு கனவு காண்கிறான். போனவர் திரும்பாத ஓர் இருண்ட வீடு. அங்கே புழுதியே உணவு, களிமண்ணே அப்பம். இறந்தோர் பறவைகளைப் போல் இறகாடை அணிந்திருக்கின்றனர். மன்னர்களின் மகுடங்கள் அங்கே குவித்து வைக்கப்பட்டிருக்கின்றன. நல்லவருக்கு ஓர் இடம், தீயவருக்கு ஓர் இடம் என்பதில்லை.

தெய்வமும் அங்கிருந்து தப்ப இயலாது. இனன்னா எனும் பெண் தெய்வம் பாதாளம் சென்றபோது ஏழு வாயில்களிலும் ஒவ்வோர் அணியாக இழந்து, இறுதியில் ஏதுமின்றி நின்றாள். தனக்குப் பதிலாகத் தன் கணவன் துமூஸியைக் கொடுத்தே மீண்டாள். அவனது பெயரே இராக்கிலும் ஷாமிலும் ஜூலை மாதத்துக்கு ‘தம்மூஸ்’ என இன்றும் வழங்குகிறது.

உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஊற்றும் நீரும் படைக்கும் உணவுமே அங்குள்ளோருக்கு ஆறுதல். ஒரே மகன் உள்ளவன் அழுதுகொண்டிருக்கிறான். ஏழு மகன்கள் உள்ளவன் தெய்வங்களோடு அமர்ந்திருக்கிறான் என்று ஒரு சுமேரியப் பாடல் கூறுகிறது. அதே பாடலில் மற்றொரு செய்தியும் உண்டு. இறந்தே பிறந்த குழந்தைகள் எங்கே என்று கேட்கப்படுகிறது. பொன்னும் வெள்ளியுமான மேசையில், தேனும் நெய்யும் நிறைந்திருக்க, விளையாடிக்கொண்டிருக்கின்றன என்று விடை வருகிறது. அத்துணை இருண்ட உலகிலும் தன் குழந்தைக்கு மட்டும் தேனை வைக்காமல் இருக்க ஒரு தாயின் உள்ளத்தால் இயலவில்லை!

ஆனால் வலியவரின் அச்சம் வேறு வழியில் சென்றது. இராக்கின் ஊர் எனும் பழம்பெரும் நகரில் 1922 முதல் 1934 வரை லியனார்ட் வூலி அகழாய்வு நடத்தினார். ஏறக்குறைய 4500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கல்லறைக் குழியில் 74 பேரின் எலும்புகள் வரிசையாகக் கிடந்தன. பெரும்பாலோர் அணிகலன் பூண்ட பெண்கள். தம் தலைவரோடு செல்ல அவர்கள் விரும்பியே நஞ்சு அருந்தினர் என வூலி கருதினார். அங்கே கிடைத்த இரு மண்டை ஓடுகளைக் கதிர்ப்படம் எடுத்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவோ, அவர்கள் தலையில் அடித்துக் கொல்லப்பட்டனர் என்று காட்டியது.

கில்காமேஷும் மரணத்துக்கு அஞ்சி ஓடினான். இறவா வரம் பெற்ற முதியவரைத் தேடிச் சென்றான். ஆறு பகலும் ஏழு இரவும் உறங்காதிருந்தால் பார்க்கலாம் என்றார் அவர். அமர்ந்த உடனே மாவீரன் உறங்கிவிட்டான். உறக்கத்தையே வெல்ல இயலாதவன் மரணத்தை எவ்வாறு வெல்வான்? இளமை தரும் செடியொன்று கிடைத்தும், வழியில் அதனைப் பாம்பு கவர்ந்து சென்றுவிட்டது. வெறுங்கையோடு தன் ஊர் திரும்பினான்.

நாம் பெறும் பாடம்

ஒரு சமுதாயம் தராசைக் கண்டது. பின்னர் அதனைச் சாய்க்கும் வழியை விலைக்கு விற்றது. மற்றொரு சமுதாயம் தராசையே காணவில்லை. பிள்ளைகள் ஊற்றும் நீரை நம்பிப் புழுதியில் காத்திருந்தது. இரண்டும் பழங்கதைகள் என நாம் எளிதாக ஒதுக்கிவிடலாம். ஆனால் அடுத்த வீட்டாரின் நிலத்தை அபகரித்தவர், சகோதரியின் பங்கை மறுத்தவர், கடையில் நிறுவையைக் குறைத்தவர், இறுதியில் பெரும் பொருள் செலவிட்டு விருந்து நடத்தினால் கணக்கு நேராகிவிடும் என்று எண்ணுவாராயின், பச்சைக் கல் வண்டுக்கும் அந்த விருந்துக்கும் வேற்றுமை யாது?

அனியின் தராசை வரைந்தவன் கூலி பெற்ற ஓவியன். நம்முடைய தராசில் நாள்தோறும் ஏறுவது நம் கை செய்யும் செயல். அதனை இன்றே சரிசெய்துகொள்ள நமக்கு அவகாசம் இருக்கிறது.