ஓட்டாஞ்சில்லில் ஒளிந்திருக்கும் பானை! கம்ப்யூட்டர் செய்யும் வித்தை!!

தேனி:- "அட, ஓட்டாஞ்சில்லுதானே!" என்று காலால் தள்ளிவிட்டுப் போகிறோம். அந்தச் சில்லை வைத்து முழுப் பானையையே கம்ப்யூட்டர் திரையில் நிறுத்திவிடுகிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரு துண்டு போதும்

சக்கரத்தில் வனைந்த பானை எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வளைவுதான். எனவே வாய்விளிம்புத் துண்டு ஒன்றை ஸ்கேன் செய்து வளைவை அளந்தால், வாயின் அகலம் தெரிந்துவிடும். துண்டின் பக்கவாட்டு வடிவத்தைக் கம்ப்யூட்டர் ஒரு சுற்று சுற்றும். பானையின் மேல்பாகம் ரெடி! அடிப்பாகம் கிடைக்காவிட்டால், அதே ரகத்து முழுப் பானையைப் பார்த்து நிரப்புவார்கள். அது யூகம்தான்.

கொந்தகை முகங்கள்

வைகைக் கரையில் மண்டையோட்டுக்கே முகம் வந்துவிட்டது. கீழடி பக்கத்தில் கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த 2 ஆண் மண்டையோடுகளுக்கு 2025-ல் கம்ப்யூட்டரில் முகம் அமைத்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை இது.

கீழடிப் பானை ஓடுகளிலோ ஆதன், குவிரன் என்று ஆள் பெயர்களே கீறிக் கிடந்தன.

எடுக்காதீங்க!

அந்த வைகை பிறப்பது தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையில். ஆண்டிபட்டி வட்டாரத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. இந்தப் பக்கத்து மண்ணிலும் சங்கதி இருக்கிறது.

உழும்போது பழைய ஓடு தட்டுப்பட்டால் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் போதும். ஓட்டின் வடிவத்தைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதை, எடுத்த பிறகு எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது!