மின்னூல் வெளியிடப் போகிறீர்களா? ஃபைலை முதலில் சோதித்துப் பாருங்க

திண்டிவனம் கிடங்கல் கோட்டையைப் பற்றியோ, செஞ்சிப் பக்கத்துச் சமணக் குகைகளைப் பற்றியோ, உங்கள் கிராமத்துத் தெருக்கூத்து வாத்தியாரைப் பற்றியோ வருடக்கணக்கில் அலைந்து தகவல் சேர்த்து நூறு பக்கம் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அச்சடிக்கக் கையில் பணம் இல்லை. சரி, மின்னூலாகப் போட்டுவிடலாம் என்று யாரிடமோ கொடுத்து ஈபப் ஃபைலாக மாற்றி வாங்குகிறீர்கள். உங்கள் போனில் அது நன்றாகவே திறக்கிறது. ஆனால் விற்பனைத் தளத்தில் அப்லோடு செய்தால் ‘ஃபைல் செல்லாது’ என்று திருப்பி அனுப்புகிறது. காரணம் கேட்டால் ஆங்கிலத்தில் நாற்பது வரி எர்ரர். பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த நாற்பது வரியும் பெரும்பாலும் மூன்று நான்கு தவறுகளிலிருந்து வந்தவையாகத்தான் இருக்கும்.

ஈபப் என்பது ஒரே ஃபைல் போலத் தெரிந்தாலும் உள்ளே அது ஒரு ஜிப் மூட்டை. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு சிறு வலைப்பக்கமாக இருக்கும். படங்கள் தனி. இவற்றோடு ‘இந்த மூட்டையில் என்னென்ன இருக்கிறது, எது முதலில் வரும்’ என்று சொல்லும் பட்டியல் ஒன்றும் இருக்கும். நம் ரேஷன் கார்டு மாதிரிதான். கார்டில் பெயர் இருந்து ஆள் இல்லாவிட்டாலும் சிக்கல், ஆள் இருந்து பெயர் இல்லாவிட்டாலும் சிக்கல். இந்த மூட்டை எப்படி இருக்க வேண்டும் என்ற விதியை உலக வலைச் சங்கமான டபிள்யூ3சி வகுக்கிறது. 2023 மே மாதம் ஈபப் 3.3 அதன் முறையான பரிந்துரையாக வந்தது. விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் இலவச மென்பொருளின் பெயர் ஈபப்செக். பார்வையற்றோருக்கான நூல்களுக்காக உழைக்கும் டெய்சி கூட்டமைப்பு அதைப் பராமரிக்கிறது.

ஈபப்செக் ஜாவாவில் ஓடும் மென்பொருள், அதனால் கம்ப்யூட்டர் வேண்டும். சொந்தமாக இல்லாவிட்டால் நண்பர் வீட்டிலோ பிரௌசிங் சென்டரிலோ அரை மணி நேரம் போதும். கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள் பஜினா என்ற நிறுவனம் இலவசமாகத் தரும் ஈபப்-செக்கரைப் போட்டுக்கொள்ளலாம். ஃபைலை இழுத்து விட்டாலே அறிக்கை வந்துவிடும். உள்ளே திருத்த சிகில் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முகம் தெரியாத ‘ஆன்லைன் கன்வெர்ட்டர்’ தளங்களில் இன்னும் வெளிவராத உங்கள் நூலை ஏற்றாமல் இருப்பது நல்லது. இந்தச் சோதனைக்கு இணையமே தேவையில்லை.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயங்கள் இருக்கும்: தவறின் வகை, ஒரு குறியீட்டு எண், எந்த ஃபைல், எத்தனையாவது வரி. வகையைப் பாருங்கள். ‘ஃபேட்டல்’ என்றால் அந்தப் பக்கத்தைப் படிக்கவே முடியவில்லை என்று பொருள். ‘எர்ரர்’ என்றால் விதி மீறல், திருத்தியே ஆக வேண்டும். ‘வார்னிங்’ என்றால் கடைக்குக் கடை வேறுபடும், திருத்திவிடுவது நல்லது. ‘இன்ஃபோ’, ‘யூசேஜ்’ என்று வருபவை வெறும் தகவல்கள், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். மேலிருந்து கீழே போங்க. முதல் தவறைத் திருத்தி, சேமித்து, மறுபடி சோதனை ஓட்டுங்கள். ஒரே ஒரு மூடாத குறியால் அதற்குக் கீழே முப்பது எர்ரர் வரும். அதை மூடினால் முப்பதும் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தப் போனால் புதிதாகத் தவறு சேரும்.

அடிக்கடி வருபவை

‘பி.கே.ஜி-006’, ‘பி.கே.ஜி-007’ இரண்டும் போனில் வேலை செய்பவர்களுக்கே அதிகம் வரும். ஈபப்பை ஒரு ஜிப் ஆப்பில் பிரித்து, ஒரு படத்தை மாற்றிவிட்டு, திரும்ப ஜிப் செய்திருப்பீர்கள். மூட்டைக்குள் ‘மைம்டைப்’ என்ற குட்டி ஃபைல் இருக்கும். அதுதான் முதலில் வர வேண்டும், அதைச் சுருக்கக் கூடாது என்பது விதி. சாதாரண ஜிப் ஆப்களுக்கு இந்த விதி தெரியாது. பிரிக்காமல் சிகிலில் திறந்து படத்தை மாற்றுங்கள், இந்தத் தொல்லையே வராது.

‘ஆர்.எஸ்.சி-007’ என்றால் பக்கத்தில் சொன்ன படமோ ஃபைலோ மூட்டைக்குள் இல்லை என்று அர்த்தம். ‘ஆனா என் கம்ப்யூட்டர்ல படம் தெரியுதே’ என்பீர்கள். படத்தின் பெயரில் முதல் எழுத்து பெரிய எழுத்தாகவும், பக்கத்தில் அதைக் குறிப்பிட்ட இடத்தில் சின்ன எழுத்தாகவும் இருக்கலாம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், சோதனை எடுத்துக்கொள்ளாது. ‘செஞ்சி கோட்டை படம் 2’ என்று நடுவில் இடம் விட்டுப் பெயர் வைத்திருந்தால் ‘பி.கே.ஜி-010’ என்று எச்சரிக்கை வரும். தமிழில் பெயர் வைப்பதை விதி தடுக்கவில்லை. ஆனாலும் சில பழைய கருவிகள் தடுமாறும். மூட்டைக்குள் இருக்கும் ஃபைல்களுக்கு மட்டும் சின்ன ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். நூலின் தலைப்பு தமிழில் இருப்பதற்கு இதனால் எந்தத் தடையும் இல்லை.

‘ஆர்.எஸ்.சி-016’ ஃபேட்டல். இதில் ஆள் மிரண்டுபோவார், காரணமோ பெரும்பாலும் அற்பமானது. பதிப்பகப் பெயரிலோ கடைப் பெயரிலோ & குறியை அப்படியே போட்டிருப்பீர்கள். வலைப்பக்க மொழியில் அந்தக் குறிக்கு வேறு வேலை இருக்கிறது. அந்த இடத்தில் ‘அண்டு’ என்று எழுத்தில் எழுதிவிடுங்கள், தீர்ந்தது. < குறியும் இப்படித்தான்.

‘ஆர்.எஸ்.சி-005’ நூற்றுக்கணக்கில் வரக்கூடியது. வேர்டிலிருந்து நேரடியாக ஒட்டும்போது பழைய கால எழுத்துரு, ஓரச் சீரமைப்புக் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். ஈபப் 3 அவற்றை ஏற்காது. ஒவ்வொன்றாக அழிக்க உட்காராதீர்கள். மூலத்தை வெறும் எழுத்தாக ஒட்டி, தலைப்புக்குத் ‘தலைப்பு’ பாணியும் பத்திக்குப் ‘பத்தி’ பாணியும் கொடுத்துப் புதிதாக மாற்றுவது சீக்கிரம் முடியும்.

அடிக்குறிப்பு நிறைந்த வரலாற்று நூல்களில் ‘ஆர்.எஸ்.சி-012’ வரும். அத்தியாயங்களைப் பிரித்தபோது அடிக்குறிப்பு ஒரு ஃபைலுக்கும் அதன் எண் இன்னொரு ஃபைலுக்கும் போயிருக்கும். இதை மட்டும் பொறுமையாகக் கையால் இணைக்க வேண்டியதுதான்.

ஐ.எஸ்.பி.என். வாங்கியவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்தியாவில் மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இந்த எண்ணை இணையவழியே கட்டணமின்றி வழங்குகிறது. யாராவது இதற்குப் பணம் கேட்டால் அது முகமையின் கட்டணம் அல்ல. அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும். கிடைத்த எண்ணைப் பட்டியல் ஃபைலில் போட்டுவிட்டு, பழைய பாணிப் பொருளடக்க ஃபைலில் மாற்ற மறந்தால் ‘என்.சி.எக்ஸ்-001’ வரும். இரண்டு இடத்திலும் ஒரே அடையாளம் இருந்தால் சரியாகிவிடும்.

சோதனை கண்டுபிடிக்காதது

எர்ரர் பூஜ்யம் என்று வந்துவிட்டது. உடனே வெளியிட்டுவிடலாமா? கொஞ்சம் பொறுங்க. ஈபப்செக் மூட்டையின் கட்டைத்தான் பார்க்கிறது. உள்ளே இருக்கும் தமிழ் தமிழாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. என் பார்வையில் தமிழ் மின்னூல்களில் அதிகச் சேதம் இங்கேதான் நடக்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் டி.டி.பி. கடைகளில் இருபது வருடத்துக்கு முன் அடித்துக் கொடுத்த நூல்களின் பேஜ்மேக்கர் ஃபைல்கள் பலரிடம் இன்னும் சி.டி.யில் கிடக்கும். அவை பாமினி, வானவில் அவ்வையார் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். இதை அப்படியே ஈபப் ஆக்கினால் சோதனை ‘தவறில்லை’ என்றே சொல்லும். அந்த எழுத்துருவும் கூடவே உள்ளே இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழாகவும் தெரியும். ஆனால் ‘நல்லியக்கோடன்’ என்று தேடினால் கிடைக்காது. வாசகர் போனில் எழுத்துருவை மாற்றினால் நூல் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். பார்வையற்ற ஒருவர் நூலை வாசிக்கச் சொன்னால் அவர் காதில் விழுவது ‘ஜே கே பி ஓ’.

தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தமிழுக்கான தரமாக அறிவித்தது. போனில் படிக்கும் மின்னூலுக்கு யூனிகோட்தான் சரி. டேஸ்-16 எழுத்துகள் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் எல்லாக் கருவியிலும் தெரியாது. பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. யூனிகோட் எழுத்துருக்களும் விசைப்பலகை மென்பொருளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை முழுக்கப் படித்துப் பாருங்கள். ஆங்கில ஊர்ப் பெயரும் பாமினி என்று நினைத்து மாற்றப்பட்டு உளறலாக நிற்கும்.

யூனிகோடிலேயே தட்டச்சு செய்தாலும் சில வேஷங்கள் உண்டு. ‘எ’ என்ற உயிரெழுத்துக்குப் பதில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண் ‘௭’ விழுந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ‘ஔவை’ என்பதற்கு ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக அடித்திருப்பார்கள். ஸ்கேன் செய்து ஓ.சி.ஆர். எடுத்த நூலில் ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்கால் வந்து, அதன் தலையில் புள்ளி உட்கார்ந்திருக்கும். இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றும் வசதி சிகிலிலேயே இருக்கிறது. ‘௭’ ஒன்றைத் தேடினாலே எத்தனை சிக்குகிறது என்று பாருங்கள்.

மொழிக் குறியையும் பார்த்துவிடுங்கள். நூலின் விவரப் பகுதியில் மொழி ‘ஆங்கிலம்’ என்றே கிடக்கும், மாற்றும் மென்பொருள் தானாகப் போட்டது. இதையும் சோதனை தவறென்று சொல்லாது. ஆனால் சத்தமாக வாசிக்கும் ஆப் சில சமயம் ஆங்கிலக் குரலைத் தேர்ந்து திணறும். ‘தமிழ்’ என்று மாற்ற ஒரு நிமிடம்தான். படங்களுக்கு ஒரு வரி விளக்கமும் எழுதுங்கள்: ‘மண்டகப்பட்டுக் குடைவரையின் முகப்பு, இருபுறமும் வாயிற்காவலர்’ என்பதுபோல. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்கச் செய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. டெய்சியின் ‘ஏஸ்’ என்ற இன்னொரு இலவச மென்பொருள் இந்த வகைக் குறைகளைத் தனியாகக் காட்டும்.

எங்கே கேட்கலாம்?

தமிழில் இந்த வேலையைப் பல வருடமாகச் செய்துவருபவர்கள் இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு மின்வடிவாக்குகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரப்படும் புதிய நூல்களை ஈபப் உட்படப் பல வடிவங்களில் வெளியிடுகிறது. விற்பனை வேண்டாம், படித்தால் போதும் என்பவர்களுக்கு இது நல்ல வழி. உரிமம் கொடுப்பதன் பொருளைப் புரிந்துகொண்டு கொடுங்கள். வேறொருவர் எழுதிய நூல் என்றால், இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. வாரிசுகளின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் போடாதீர்கள்.

விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருளைக் கிராமங்கள்வரை கொண்டுபோகும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. சிகில், ஈபப்செக் இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள் என்பதால், நிறுவுவதில் தடங்கல் வந்தால் அங்கே கேட்டுப் பார்க்கலாம். கேட்கப் போகும்போது ஃபைலோடு அறிக்கையின் முதல் பத்து வரிகளையும் எடுத்துப்போங்க. ‘ஓப்பன் ஆகல’ என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

எல்லாம் சரியான பிறகு கூகுள் ப்ளே புக்ஸில் ஏற்றி உங்கள் போனில் ஒரு முறை, விலை குறைந்த பழைய போன் ஒன்றில் இன்னொரு முறை திறந்து பாருங்கள். பொருளடக்கத்தில் கடைசி அத்தியாயத்தைத் தட்டுங்கள், நடுவில் ஓர் ஊர்ப் பெயரைத் தேடுங்கள், ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்க விடுங்கள். திருத்திய ஈபப்போடு யூனிகோட் மூலத்தையும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அடுத்த பதிப்பில் ஒரு படம் சேர்க்க நினைத்தால் அந்த மூலம்தான் வேண்டியிருக்கும்.